குடி எங்கள் வீட்டு விவகாரம் அல்ல: முன்னாள் படைவீரர் நலத்தைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தில்லியிலும் சென்னையிலும் மாவட்டத் தலைநகரிலும் இருந்துகொண்டு முன்னாள் படைவீரர்களின் மருத்துவத்தையும் நலனையும் திட்டமிடும் அதிகாரிகளுக்கு,

போன மாதம் எங்கள் மனுவுக்குப் பதில் வந்தது. மூன்று வரி, ஆங்கிலத்தில். என் மகள் படித்துச் சொன்னாள்: குடிப்பழக்கம் தனிமனித ஒழுக்கமும் குடும்பமும் சம்பந்தப்பட்டது, நலத்திட்ட வரம்புக்குள் வராது, மனு முடித்துவைக்கப்படுகிறது. அந்த மனுவில் 23 பெண்கள் கையெழுத்துப் போட்டிருந்தோம். 17 பேர் மனைவிகள், 4 பேர் கணவரை இழந்தவர்கள், 2 பேர் அம்மாக்கள். பணம் கேட்கவில்லை. பென்ஷனைக் கூட்டச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஆண்களின் குடிக்கும் மனநோய்க்கும் என்ன வைத்தியம், எங்கே, எப்படி என்று நீங்கள் திட்டம் போடும்போது எங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள் என்றோம். அவ்வளவுதான் மனு.

அந்தப் பதிலை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் முப்பது வருடம் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவள். இன்றைக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை முட்டை, எவ்வளவு பருப்பு என்று நாள் தவறாமல் பதிவேடு எழுதிய கை இது. அதே பழக்கத்தில் வீட்டிலும் ஒரு நோட்டு போட்டேன். என் கணவரை எந்தத் தேதியில் எங்கே கூட்டிப்போனேன், யார் என்ன சொன்னார்கள், எவ்வளவு செலவு என்று 2009-லிருந்து எழுதிவருகிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்த நோட்டில் இருப்பதுதான். எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. என் பேரு வேணாம், மத்ததெல்லாம் எழுது" என்றார்.

அவர் 1985-இல் சிப்பாயாகச் சேர்ந்து, 2002-இல் ஹவில்தாராக வெளியே வந்தவர். அப்போது அவருக்கு 36 வயது. அந்த வயதில் ஒருவர் 'முன்னாள்' ஆகிவிடுகிறார். காலை நான்கு மணிக்கு எழுப்ப ஆள் இல்லை, ரோல்கால் இல்லை, பக்கத்துக் கட்டிலில் படுக்கத் தோழன் இல்லை. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். அப்படிப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியே பழகிய ஊர்கள் வட தமிழ்நாட்டில் நிறைய உண்டு. எங்கள் ஊரும் அதில் ஒன்று. அனுப்பும்போது மாலை போட்டு பஸ் ஏற்றுவோம். திரும்பி வந்தவரை என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

1987-இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனபோது அவருக்கு 21 வயது. தமிழ் தெரிந்தவர் என்பதால் சோதனைச் சாவடியில் நின்று பேசுகிற வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். "தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டு வரும் கிழவிகளை நிறுத்தி, பையைத் திறக்கச் சொல்லி, மகன் எங்கே என்று அவர்களுடைய மொழியிலேயே கேட்கிற வேலை. அந்த மக்கள் பட்டது எங்கள் வீட்டுத் துயரத்தைவிடப் பெரிது. அதை முதலில் சொல்வதும் அவர்தான். படை 1990 மார்ச்சில் திரும்பியது. ஏறக்குறைய 1,200 வீரர்கள் திரும்பவில்லை. திரும்பியவர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் சென்னைத் துறைமுகத்துக்குப் போகவில்லை. அதன் அரசியல் நியாயத்தைப் பேச நான் இதை எழுதவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய 24 வயதுப் பையன் ஒருவன், தான் செய்துவிட்டு வந்தது சரியா தவறா என்று யாரிடமும் கேட்க முடியாமல் வீட்டுக்கு வந்தான் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், தூக்கத்தில் யாரோ தம்பி என்று கூப்பிட்டது போல எழுந்து உட்காருவார். எழுந்தால் ஒரு பெக். அப்புறம்தான் மறுபடி படுப்பார்.

குடியைத் தொடங்கியது எங்கே என்று கேட்பீர்கள். பட்டாளத்தில்தான். உயரமான பனிமலைப் போஸ்டில் குளிருக்கு ரம் ரேஷனாகவே வரும். வெளியே வந்த பிறகு ராணுவக் கேன்டீன் கார்டு. மளிகைக்கு ஒன்று, மதுவுக்கு ஒன்று. ரேங்க் ஏற ஏறக் கோட்டாவும் ஏறும். மாதம் தவறாமல் வரிசையில் நின்று வாங்குவார். கோட்டா தீர்ந்தால் டாஸ்மாக். ராணுவத்தினர் அல்லாத என் அண்ணன் தம்பிகளும் குடிக்கிறார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு எந்த அரசாங்கமும் உன் சேவைக்கு மரியாதை என்று சொல்லிச் சலுகை விலையில் பாட்டில் கொடுக்கவில்லை.

இதோடு சேர்த்து ஒரு விதியையும் சொல்ல வேண்டும். படைவீரர்களின் ஊன ஓய்வூதிய விதிகளில், குடியால் வந்த ஊனத்துக்கும் இறப்புக்கும் இழப்பீடு கிடையாது, அது அவரவர் கட்டுப்பாட்டில் இருக்கிற விஷயம் என்று எழுதியிருக்கிறது. பனியில் ரம் கொடுத்ததும் நீங்கள், கோட்டா நிர்ணயித்ததும் நீங்கள், கட்டுப்பாடு மட்டும் அவருடையதா? இழப்பீட்டை விட்டுவிடுகிறேன். வைத்தியமாவது யாருடைய பொறுப்பு என்று சொல்லுங்கள்.

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கியது. அதே 2003-இன் கடைசியில்தான் தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் முழுதாக எடுத்துக்கொண்டது. இரண்டும் எங்கள் வீட்டுக்கு ஒரே வருடத்தில் வந்து சேர்ந்தன. மருத்துவத் திட்டத்தால் கிடைத்த நன்மையை மறைக்க மாட்டேன். என் மாமியாரின் கண் அறுவைசிகிச்சை, அவருடைய மூட்டுவலி, எனக்கு வந்த கர்ப்பப்பைக் கட்டி எல்லாம் அந்தக் கார்டில்தான் நடந்தது. அந்தத் திட்டத்தின் மருத்துவமனைகளான பாலிகிளினிக்குகள் நாடு முழுக்க நானூறுக்கும் மேல். எங்களுக்கானது பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அங்கே பல் மருத்துவர் உண்டு, எக்ஸ்ரே உண்டு, ரத்தப் பரிசோதனை உண்டு. மனநல மருத்துவர் இல்லை. ஆலோசகரும் இல்லை. நான் போன இத்தனை வருடத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை.

நோட்டிலிருந்து சொல்கிறேன். 2009 முதல் 2019 வரை அவரைப் பாலிகிளினிக்குக்குக் கூட்டிப்போனது 41 தடவை. கால் எரிச்சல், வயிற்றுவலி, கை நடுக்கம், ரத்த அழுத்தம், விழுந்து மண்டை உடைந்தது. 41 தடவையும் அவர் குடிக்கிறார் என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியும், வாசனையே சொல்லும். சீட்டில் "குடியை நிறுத்தவும்" என்று எழுதினார்கள். அதற்கு மேல், எங்கே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள், தூக்கம் எப்படி என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. டாக்டர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்கு ஐந்து நிமிடம்கூட இல்லாத வரிசை அது. கல்லீரலைப் பார்த்தார்கள், சர்க்கரையைப் பார்த்தார்கள். ஆளைப் பார்க்க அங்கே யாருக்கும் பொறுப்புத் தரப்படவில்லை.

2013-இல் நான் ஒரு தப்புச் செய்தேன். ஊரில் சொன்னார்கள் என்று, குடியை மறக்கவைக்கும் பொடி என்று விற்றதை வாங்கி அவருக்குத் தெரியாமல் ரசத்தில் கலந்தேன். அன்று ராத்திரி அவர் குடித்துவிட்டு வந்து, முகம் சிவந்து, மூச்சுத் திணறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் சாய்ந்தார். செத்துவிட்டார் என்றே நினைத்தேன். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதபடி செய்கிற டைசல்ஃபிரம் மாத்திரையைத்தான் பல பேர் இப்படிப் பொடித்து விற்கிறார்கள் என்று பின்னால் ஒரு மருத்துவர் சொன்னார். அது நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் கொடுக்க வேண்டியது. எங்கள் 23 பேரில் 9 பேர் அந்தப் பொடியைக் கொடுத்திருக்கிறோம். எங்களிடம் பேச ஒரு ஆள் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டோம்.

2016-இல் அவராகவே குடியை நிறுத்தினார். மகள் கல்யாணம் வருகிறது என்று ஒரே நாளில். மறுநாள் கை கால் உதறியது. இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊருகிறது என்று சுவரைத் தட்டித் தட்டிக் கை ரத்தமாகிவிட்டது. "கேட்ல யாரோ நிக்கிறாங்க, ஐடி கார்டு கேளு" என்று என்னிடம் கத்தினார். பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்க ஆள் கூட்டிவந்தார்கள். இது நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வருகிற ஆபத்து, உயிரே போகலாம், தயமின் ஊசியும் நடுக்கத்தை அடக்கிப் படிப்படியாகக் குறைக்கிற மாத்திரையும் வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த தனியார் மருத்துவமனை, இது குடிக் கேஸ், கார்டில் வராது, பணம் கட்டுங்கள் என்றது. வலிப்பு அவசர சிகிச்சை என்று வாதாட எனக்கு விவரம் தெரியவில்லை. கல்யாணத்துக்கு வைத்திருந்த நகையில் ஒரு சங்கிலி அன்றைக்குப் போனது. நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்து எங்கே போக வேண்டும் என்று யாரும் எழுதித் தரவில்லை. 12 நாள் கழித்து மறுபடி குடித்தார்.

எங்கள் தெருவில் ஒரு சுபேதார் அண்ணன் இருந்தார். என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து டாஸ்மாக்கும் கேன்டீனும் மூடின. ஏப்ரல் முதல் வாரத்தில் அவருடைய கையிருப்பு தீர்ந்தது. மூன்றாம் நாள் இரவு வலிப்பு. கொரோனாவாக இருக்குமோ என்று பக்கத்து வீட்டார் கிட்டே வரப் பயந்தார்கள். என் கணவர்தான் ஓடினார். 2016-இல் தனக்கு வந்ததை அவர் அடையாளம் கண்டுகொண்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். குடிக்காததால் செத்தார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அண்ணி எங்கள் மனுவில் மூன்றாவது கையெழுத்து. அவர் வீட்டு விவகாரம் என்றா அவருக்குப் பதில் எழுதினீர்கள்?

துப்பாக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஓய்வு பெற்று வந்த பிறகு என் கணவர் காவலாளி வேலைக்காக லைசென்ஸ் எடுத்து ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கினார். எங்கள் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் பாதிப் பேருக்கு அதுதான் இரண்டாவது பிழைப்பு. மனநல மருத்துவரைப் பார்த்ததாகச் சீட்டில் ஏறினால் லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டார்கள், வேலை போய்விடும் என்று அவர் வர மறுத்தார். பட்டாளத்தில் இருந்தபோதும் இதே பயம்தான்: மெடிக்கல் கேட்டகரி, அதாவது உடல்தகுதித் தரம், இறங்கினால் பதவி உயர்வு போய்விடும். வேலை போன பிறகும் துப்பாக்கி வீட்டில் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் இல்லையா, அந்த நாட்களில் மட்டும்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு மனைவி தேர்தல் எப்போது வரும் என்று காத்திருந்தாள் என்பதை உங்கள் கோப்பில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

அவர் குடியை விட்டது 2019 செப்டம்பரில். அதற்கு நீங்கள் போட்ட திட்டம் எதுவும் காரணமில்லை. தாலுகா அரசு மருத்துவமனைக்குக் குறிப்பிட்ட நாளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வருகிறார் என்று எங்கள் கிராமச் செவிலியர் பேச்சுவாக்கில் சொன்னார். பாலிகிளினிக்கிலிருந்து அந்த மருத்துவமனை இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. பத்து வருடமாக நாங்கள் இங்கே வரிசையில் நின்றோம். அங்கே இப்படி ஒருவர் வருகிறார் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை, அல்லது சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த மருத்துவர் அம்மாதான் முதன்முதலில் "சர்வீஸ்ல எங்கெல்லாம் இருந்தீங்க?" என்று கேட்டவர். பாதுகாப்பாக நிறுத்த மருந்து கொடுத்தார். அதோடு, குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழு ஒன்று ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட அறையில் கூடுகிறது, போய்ப் பாருங்கள் என்றார். அங்கே இன்னொரு முன்னாள் படைவீரர் இருந்தார். ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தவர், குடியை விட்டு 11 வருடம். கிழவி தம்பி என்று கூப்பிட்ட கதையை என் கணவர் முதன்முதலில் சொன்னது அவரிடம்தான். என்னிடம் 30 வருடம் சொல்லாததை.

அதைக் கேட்டு எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு புரிந்தது. சாவடியில் நின்றவனுக்குச் சாவடியில் நின்றவனிடம்தான் வாய் திறக்கும். அமெரிக்காவில் வியட்நாம் போருக்குப் பிறகு 1979-இல் தொடங்கிய ஆலோசனை மையங்கள் இதைப் புரிந்துகொண்டுதான், ஆஸ்பத்திரிக்கு வெளியே, ஊருக்குள், முன்னாள் வீரர்களையே ஊழியராக வைத்து நடந்தன. இன்றும் அங்கே அரசு மருத்துவமனைகளில், குடியிலிருந்தும் மனநோயிலிருந்தும் மீண்ட படைவீரர்களைச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூட அறையில் நடப்பதும் அதுதான். டீ செலவுக்கு ஒரு டப்பா சுற்றிவரும், அவ்வளவுதான் அதன் பட்ஜெட்.

2019-இல் எய்ம்ஸ் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது என்கிறது. அந்த ஒருவராக என் கணவர் ஆனது ஒரு கிராமச் செவிலியர் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வார்த்தையால். மற்ற 37 பேரின் வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன.

ஒழுக்கம் என்று எழுதினீர்களே, சட்டம் என்ன சொல்கிறது? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. மது, போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்றே அது வரையறுக்கிறது. அரசு நடத்துகிற, அரசு பணம் கொடுக்கிற இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. பொது மருத்துவம் நடக்கும் எல்லா நிலைகளிலும் அதை இணைக்க வேண்டும் என்கிறது. உடல்நோய்க்குக் கொடுக்கிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். எனக்கு இதைத் தேடிப் படிக்க முடிந்தது. மூன்று வரிப் பதில் எழுதியவருக்கு ஏன் முடியவில்லை?

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. படையினருக்கென்று புனேயில் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் ஒரு தனிப் பிரிவும் தொடங்கினீர்கள். நல்லது. ஆனால் எங்கள் 23 வீடுகளில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேருக்கு. கேன்டீன் சுவரில் ஏசி விலைப்பட்டியல் ஒட்டியிருக்கிறது, இந்த எண் ஒட்டவில்லை. போன வருடம் மாவட்டத் தலைநகரில் மன அழுத்த மேலாண்மை முகாம் ஒன்று நடந்தது. பேனர் வைத்து, பொன்னாடை போர்த்தி, இந்தியும் ஆங்கிலமும் கலந்து ஒருவர் ஒன்றரை மணி நேரம் மூச்சுப் பயிற்சி பற்றிப் பேசினார். பெண்களுக்குப் பின்வரிசை. கேள்வி கேட்க நான் எழுந்தபோது சாப்பாடு தயார் என்று அறிவித்துவிட்டார்கள். அந்த முகாமை வகுக்கும்போது எங்களில் ஒருவரைக் கேட்டிருந்தால், முன்வரிசையில் உட்கார வேண்டியவர்கள் அன்றைக்கு வீட்டில் போதையில் படுத்திருந்தார்கள் என்று சொல்லியிருப்போம்.

நாங்கள் கேட்பது இவை.

எங்கள் மனுவை முடித்துவைத்த உத்தரவை ரத்து செய்யுங்கள். மாவட்டம்தோறும் ஒரு திட்டக்குழு அமையுங்கள். பாலிகிளினிக் பொறுப்பதிகாரி, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர், முன்னாள் படைவீரர் நல அலுவலகம், கேன்டீன் மேலாளர், அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை எல்லோரும் ஒரே அறையில் உட்கார வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் குடியிலிருந்து மீண்ட படைவீரர்களும், மனைவிகளும், கணவரை இழந்த பெண்களுமாக இருக்க வேண்டும். தமிழில் பேச வேண்டும், தமிழில் குறிப்பு எழுத வேண்டும், கூலிவேலைக்குப் போகும் பெண்ணும் வர முடிகிற நாளில் கூட வேண்டும், பஸ் செலவு கொடுக்க வேண்டும். பெயருக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டு, தயாரான காகிதத்தில் கையெழுத்து வாங்குவதாக இருந்தால் எங்களைக் கூப்பிடாதீர்கள். எந்த மறுவாழ்வு மையத்தை அங்கீகரிப்பது என்பதிலிருந்து எங்கள் பேச்சுக்கு மதிப்பு வேண்டும். ஆளை வேனில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோய் அடிக்கிற, மாநில மனநல ஆணையத்தில் பதிவே இல்லாத மையங்கள் எவை என்று உங்கள் ஆய்வுக்குழுவைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

குழு கூடும் வரை காத்திருக்க முடியாதவையும் உண்டு. ஒவ்வொரு பாலிகிளினிக்குக்கும் ஒரு ஆலோசகரை நியமியுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது மனநல மருத்துவர் வரட்டும். புதிதாக ஆள் எடுக்கப் பணம் இல்லை என்றால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மாவட்டத் திட்டத்தோடு ஒப்பந்தம் போடுங்கள். குடியை நிறுத்தும் சிகிச்சைக்கு ரெஃபரல் என்ற பரிந்துரைச் சீட்டை ஒருமுறை கொடுத்தால் அது முழுச் சிகிச்சைக்கும் செல்லுபடியாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் வந்து சீட்டு வாங்கச் சொன்னால் மூன்றாம் தடவை அவர் பஸ் ஏற மாட்டார், டாஸ்மாக் பக்கத்திலேயே இருக்கிறது. மருந்து இல்லை என்று என்.ஏ. போட்டு அனுப்புவது இந்த மாத்திரைகளுக்கு மட்டுமாவது நிற்க வேண்டும். நடுவில் நான்கு நாள் மாத்திரை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நான் மேலே எழுதிவிட்டேன். குடியை நிறுத்தும்போது வரும் வலிப்பும் பிதற்றலும் அவசர சிகிச்சைதான், கார்டில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். அந்த உத்தரவின் நகல் ஒன்று தமிழில் எங்கள் கையில் இருக்கட்டும்; ராத்திரி இரண்டு மணிக்குக் காட்டுவதற்கு.

மீண்டு வந்த படைவீரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சம்பளத்தோடு பாலிகிளினிக்கில் உட்காரவையுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் இடத்திலேயே, குடிப்பழக்கத்தைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்த 10 கேள்விகளை அவர்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கட்டும். அதில் வரும் விடை பென்ஷனுக்கோ வேலைக்கோ போகாது என்று எழுதிக் கொடுங்கள். துப்பாக்கி விஷயத்தில், வீட்டார் கேட்டால் தண்டனையாக இல்லாமல் பாதுகாப்புக்காகக் காவல் நிலையத்தில் வைத்துக்கொள்ளவும், சிகிச்சை முடிந்த பிறகு மருத்துவர் சொல்லை வைத்து முடிவெடுக்கவும் மாவட்ட ஆட்சியரோடு பேசி ஒரு வழி செய்யுங்கள். வேலைக்காக மறைக்கிறவரும் பிழைக்க வேண்டும், வீட்டில் இருப்பவர்களும் பிழைக்க வேண்டும்.

கேன்டீனை மூடச் சொல்லவில்லை. தன் மது கார்டைத் தானாகவே நிறுத்திவைக்க ஒருவர் விரும்பினால், காரணம் கேட்காமல், மற்றவர் பார்க்காமல், ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ நிறுத்திவைக்க வழி வேண்டும். நடுவில் மனம் மாறி வந்து கேட்டால் அன்றைக்கே திறந்துவிடவும் கூடாது. மது கவுன்ட்டருக்கு மேலே 14416 என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு, நடுங்குகிற கையைப் பார்த்தால் யாரிடம் அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

இன்று சீருடையில் இருக்கிற பிள்ளைகளுக்காக ஒன்று. படையில் மனநல மருத்துவரைப் பார்த்த ஒருவர் ஓய்வு பெற்று வரும்போது, அவருடைய சம்மதத்தோடு, ஊருக்குப் பக்கத்து மருத்துவரிடம் அவரைக் கையில் பிடித்துக் கொடுப்பது போல ஒப்படைக்க வேண்டும். பெட்டியோடும் பென்ஷன் புத்தகத்தோடும் ஸ்டேஷனில் இறக்கிவிட்டால் போதாது. போகிறவர் வீட்டுக்கு ஒரு முறை யாராவது வந்து மனைவியிடமும் பேச வேண்டும்.

அந்தச் சுபேதார் அண்ணனின் மனைவியைப் போன்றவர்களை விட்டுவிடாதீர்கள். கணவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியப் படிவம் நிரப்பக் கூப்பிட்ட அலுவலகம், நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு தடவை கேட்கவில்லை. அவர் இன்னும் இரவில் விளக்கை அணைப்பதில்லை. ஆலோசகர் வந்தால் முதல் நாற்காலி அவருக்கு.

வரும் நவம்பருக்குள் முதல் கூட்டத்துக்குத் தேதி சொல்லுங்கள். உயிர்ச்சான்று கொடுப்பதற்காக எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் நகரத்துக்கு வருகிற மாதம் அது. அவர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம். பதிலைத் தமிழில் எழுதி, 23 பேருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். முகவரிகள் மனுவின் இரண்டாம் பக்கத்தில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மனைவி
(மற்ற 22 பேரின் சம்மதத்தோடு)